செயற்கை நுண்ணறிவு சுற்றுச்சூழலைக் கண்காணிப்பது எப்படி? எச்சரிக்கை வந்த பிறகு நடப்பது என்ன?

காட்டுத்தீயை ஏ.ஐ. கேமரா கண்டுபிடித்தது, வெள்ளத்தை ஏ.ஐ. சில நாள் முன்பே சொல்லிவிடும், மீத்தேன் கசிவை விண்வெளியிலிருந்தே ஏ.ஐ. பிடித்துவிடுகிறது என்று அடுத்தடுத்துச் செய்திகள் வருகின்றன. படிக்கும்போது ஏதோ ஒரே இயந்திரம் உலகம் முழுவதையும் பார்த்துக்கொண்டிருப்பது போலவும், ஆபத்து வந்தால் அதுவே தடுத்துவிடும் என்பது போலவும் தோன்றும். உண்மையில் இவை தனித்தனியான பல கருவிகள். அவற்றில் பெரும்பாலானவை எதையும் தடுப்பதில்லை. யாருக்கோ ஒரு தகவலை அனுப்புவதோடு அவற்றின் வேலை முடிந்துவிடும். அந்தத் தகவல் யார் கைக்குப் போகிறது, அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் பலன் இருக்கிறது. கண்டுபிடிக்கும் திறன் கடந்த பத்தாண்டுகளில் மளமளவென்று வளர்ந்துவிட்டது. நடவடிக்கை எடுக்கும் ஏற்பாடு அந்த அளவுக்கு வளரவில்லை. இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ள, அடிப்படையிலிருந்து வருவோம்.

## நான்கு கட்டங்கள்

எந்தச் சூழல் கண்காணிப்பு அமைப்பை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் நான்கு வேலைகள் வரிசையாக நடக்கின்றன.

1. அளப்பது. செயற்கைக்கோள், காற்று மாசுமானி, ஆற்று நீர்மட்டக் கருவி, கேமரா, ஒலிவாங்கி ஆகியவை எண்களையும் படங்களையும் ஒலிகளையும் சேகரிக்கின்றன.
2. இனம்காண்பது. சேர்ந்த குவியலில் எது புகை, எது மேகம், எது கசிவு, எது கருவியின் கோளாறு என்று பிரிப்பது. அடுத்து என்ன நடக்கும் என்று கணிப்பதும் இதில் அடங்கும்.
3. முடிவெடுப்பது. எச்சரிக்கை விடலாமா, யாருக்கு, எப்போது?
4. செயல்படுவது. தீயணைப்பு வண்டி கிளம்புவது, மக்களை வெளியேற்றுவது, குழாயை அடைப்பது.

செயற்கை நுண்ணறிவின் உழைப்பு பெரும்பாலும் இரண்டாவது கட்டத்தில்தான். முதல் கட்டம் கருவிகளின் வேலை. மூன்றும் நான்கும் பெரும்பாலும் மனிதர்களிடமும் அலுவலகங்களிடமும் இருக்கின்றன. செய்திகளில் 'ஏ.ஐ. காப்பாற்றியது' என்று வரும்போது இந்த நான்கையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்கள்.

## தரவு எங்கிருந்து வருகிறது

விண்வெளியிலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் நிலப்பரப்பைப் படமெடுத்து வருகின்றன. 2008-இல் அந்தப் படத்தொகுப்பு முழுவதும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. ஒரே இடத்தின் பல்லாண்டுப் படங்களை வரிசையாக அடுக்கி ஒப்பிடுவது அதன்பிறகுதான் சாதாரண ஆய்வாளருக்கும் கைகூடியது. கற்றுக்கொள்ளப் பழைய தரவு இல்லாவிட்டால் ஏ.ஐ. ஒன்றுமே இல்லை என்பதால், இந்த முடிவுக்கு உரிய மதிப்பு கொடுத்தாக வேண்டும்.

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் பூமியின் நிலப்பகுதிகளைச் சுமார் 5 நாளுக்கு ஒருமுறை படமெடுக்கின்றன. படத்தின் ஒரு புள்ளி, தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். அதாவது ஒரு சிறிய வீடு ஒன்றிரண்டு புள்ளிகளாகத் தெரியும். ஒற்றை மரம் விழுந்தது தெரியாது. ஆனால் அது 13 அலைநீளப் பட்டைகளில் பார்க்கிறது, அவற்றில் பல நம் கண்ணுக்குத் தெரியாதவை. நல்ல பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்பும். இலை வாடத் தொடங்கும்போது இந்த விகிதம் மாறும். பயிர் வாட்டமும் காட்டின் சேதமும் விண்வெளியிலிருந்து தெரிவது இப்படித்தான்.

மேகம் மூடிவிட்டால் இந்தப் படங்கள் உதவாது. வெள்ளம் வரும் நாட்களில் வானம் மூடித்தானே இருக்கும்? அதற்கு சென்டினல்-1 போன்ற ரேடார் செயற்கைக்கோள்கள் உண்டு. அவை தாங்களே அலையை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கின்றன. அசையாத நீர்ப்பரப்பு அலையை வேறு பக்கம் சிதறடித்துவிடுவதால் படத்தில் கருப்பாக விழும். இரவிலும் மேகத்தினூடாகவும் வெள்ளப் பரப்பை வரைவதற்கு இந்தக் கருமைதான் ஆதாரம்.

தரையில் நிலைமை வேறு. சந்தையில் கிடைக்கும் விலை குறைந்த காற்று மாசுமானி ஒன்றைத் திறந்து பார்த்தால், உள்ளே ஒரு சின்ன விசிறி, ஒரு லேசர், ஒரு ஒளியுணரி, அவ்வளவுதான். விசிறி காற்றை இழுக்கும். லேசர் கற்றைக்குள் தூசு நுழைந்தால் ஒளி சிதறும். அந்தச் சிதறலை எண்ணி, பி.எம். 2.5 அளவு இவ்வளவு என்று கருவி சொல்லும். பி.எம். 2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள்; நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடியவை. ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டல்.

சிக்கல் ஈரப்பதத்தில் இருக்கிறது. ஈரமான காற்றில் துகள்கள் நீரை உறிஞ்சி ஊதிக்கொள்ளும்; ஊதிய துகள் அதிக ஒளியைச் சிதறடிக்கும். கருவி உள்ளதைவிடக் கூடுதலான மாசைக் காட்டும். பனிமூட்டம் உள்ள காலையில் இந்தக் கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. இந்தப் பிழையைத் திருத்த, கண்காணிப்பு நிலையத்திலுள்ள தரமான கருவிக்குப் பக்கத்தில் இதை வைத்து, வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றோடு பிழை எப்படி மாறுகிறது என்று ஒரு கணக்கு மாதிரிக்குக் கற்றுக்கொடுப்பார்கள். வெளியில் யாரும் பேசாத வேலை இது. என்றாலும், சூழல் துறையில் இயந்திரக் கற்றலின் (தரவைப் பார்த்துக் கணினி தானே கற்றுக்கொள்வதன்) மிகப் பயனுள்ள வேலைகளில் இதற்கு முன்வரிசையில் இடம் தருவேன்.

ஒலியும் தரவுதான். பறவைக் குரலை அடையாளம் காணும் பேர்ட்நெட் என்ற மென்பொருள், பதிவை 3 விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒலிவரைபடமாக மாற்றி, படத்தைப் பார்ப்பது போலவே பார்க்கிறது. மரம் அறுக்கும் இயந்திரத்தின் சத்தத்தைக் காட்டுக்குள் பிடிப்பதும் இதே முறைதான்.

## கணிப்பதில் வந்த பெரிய மாற்றம்

வானிலைக் கணிப்பு நெடுங்காலமாக இயற்பியல் சமன்பாடுகளை நம்பி நடந்தது. வளிமண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று, வெப்பம், அழுத்தம், ஈரம் எப்படி மாறும் என்று மீத்திறன் கணினியில் தீர்ப்பார்கள். 2023-இல் கூகுள் டீப்மைண்ட் வெளியிட்ட கிராஃப்காஸ்ட் அந்தச் சமன்பாடுகளைத் தீர்ப்பதே இல்லை. 1979 முதல் 2017 வரையிலான வானிலைப் பதிவைப் படித்து, இப்படி இருந்தால் ஆறு மணி நேரம் கழித்து எப்படி இருக்கும் என்று கற்றுக்கொண்டது. பத்து நாள் கணிப்பை ஒரு நிமிடத்துக்குள் தருகிறது. ஐரோப்பிய நடுத்தர கால வானிலை மையமும் தன் சொந்த ஏ.ஐ. மாதிரியை 2025 பிப்ரவரியில் அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது.

இதைப் படித்துவிட்டு இயற்பியல் மாதிரிகளின் காலம் முடிந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. கிராஃப்காஸ்ட் படித்த அந்தப் பல்லாண்டுப் பதிவே, இயற்பியல் மாதிரியையும் அளவீடுகளையும் பிணைத்துத் தயாரிக்கப்பட்டது. இன்றைய நிலவரம் என்று அதற்கு ஊட்டப்படும் தொடக்கத் தரவும் அப்படியே வருகிறது. அளவீட்டு நிலையங்களை மூடிவிட்டு ஏ.ஐ.யை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

வெள்ளக் கணிப்பில் கிடைத்த பலன் இதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். 2018-இல் பாட்னாவில் சோதனையாகத் தொடங்கிய கூகுளின் வெள்ள முன்னறிவிப்புத் திட்டம் பின்னர் பல நாடுகளுக்கு விரிந்தது. உலகின் பெரும்பாலான ஆறுகளில் நீர்மட்டத்தை அளக்கும் கருவியே கிடையாது. கருவி உள்ள ஆறுகளிலிருந்து கற்றதை, கருவி இல்லாத ஆறுகளுக்கும் இந்த மாதிரி பொருத்துகிறது. 2024-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வின்படி, பெருவெள்ளங்களை இது ஐந்து நாள் முன்னதாகச் சொல்லும் நம்பகத்தன்மை, அதுவரை இருந்த உலகளாவிய அமைப்பு அன்றைய நாளுக்கே சொன்னதற்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தது.

## தவறான எச்சரிக்கையின் கணக்கு

'99.9 சதவீதம் துல்லியம்' என்று விளம்பரம் வந்தால் நம் மனது உடனே திருப்தி அடைந்துவிடும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்டவை.

1. காட்டைச் சுற்றி 1,000 கேமராக்கள். ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கிறது.
2. ஒரு நாளுக்கு ஒரு கேமரா 1,440 படம். மொத்தம் 14,40,000 படங்கள்.
3. தீ இல்லாத படத்தை 'தீ' என்று சொல்லும் தவறு ஆயிரத்துக்கு ஒன்று மட்டுமே. அதாவது 99.9 சதவீதம் சரி.
4. அப்படியும் ஒரு நாளுக்குச் சுமார் 1,440 பொய் எச்சரிக்கைகள் வரும்.
5. அன்று உண்மையில் பற்றிய தீ ஐந்து.

கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் 1,440 பொய்களுக்கு நடுவே ஐந்து உண்மைகளைத் தேட வேண்டும். ஒரு வாரம் போனால் எச்சரிக்கை ஒலியை அணைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார்; அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. தேடும் பொருள் அரிதாக இருக்கும்போது, துல்லியச் சதவீதம் என்பது ஏறக்குறைய அர்த்தமில்லாத எண். 'நீங்கள் அனுப்பும் நூறு எச்சரிக்கைகளில் எத்தனை உண்மை, உண்மையான நூறு தீயில் எத்தனையைத் தவறவிடுகிறீர்கள்' என்ற இரண்டு கேள்விகளைத்தான் கேட்க வேண்டும்.

இதைச் சமாளிக்கவும் வழிகள் உண்டு. அடுத்தடுத்த சில படங்களில் புகை தொடர்ந்து தெரிந்தால் மட்டுமே எச்சரிக்கை, இரண்டு கேமராக்கள் ஒரே இடத்தைச் சுட்ட வேண்டும், கடைசியில் ஒரு மனிதர் பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்று வடிகட்டலாம். கலிஃபோர்னியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேமராக்களைக் கொண்ட அலர்ட்கலிஃபோர்னியா வலையமைப்பில் 2023 முதல் ஏ.ஐ. புகையைத் தேடுகிறது. அங்கும் எச்சரிக்கையைப் பார்த்து உறுதிசெய்வது தீயணைப்புத் துறையின் ஆட்கள்தான்.

## பார்க்காததைக் கணிப்பது

கடந்த காலத்திலிருந்து கற்ற மாதிரி, கடந்த காலத்தில் இல்லாத ஒன்றைச் சந்தித்தால் என்ன செய்யும்? இது வெறும் தத்துவக் கேள்வி அல்ல; பருவநிலை மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் இதுதான் நடைமுறைக் கேள்வி. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் 2025-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. ஒரு ஏ.ஐ. வானிலை மாதிரிக்குப் பயிற்சி கொடுக்கும்போது, வலுவான சூறாவளிகளை எல்லாம் தரவிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிறகு, மிக வலுவான வகையான ஐந்தாம் வகைச் சூறாவளி உருவாகும் நிலைமையைக் காட்டினார்கள். புயல் வருகிறது என்று மாதிரி கண்டுகொண்டது. ஆனால் அதன் வலுவைத் தொடர்ந்து குறைத்தே சொன்னது.

ஆபத்தான தவறு இது. இல்லாத புயலைச் சொன்னால் வீண் அலைச்சலோடு போகும். வரும் பேய்ப்புயலைச் சாதாரணப் புயல் என்று சொன்னால், யாரும் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார்கள். அதே ஆய்வில் ஒரு நல்ல சேதியும் உண்டு: ஒரு கடற்பகுதியின் வலுவான புயல்களைப் படித்திருந்தால், இன்னொரு கடற்பகுதியில் அப்படிப்பட்டதை மாதிரியால் ஓரளவு கணிக்க முடிந்தது. அதாவது, எங்கோ ஒரு மூலையின் பதிவு வேறொரு கண்டத்து மக்களுக்கு உயிர்காக்கும் தரவாகலாம்.

## தானாகச் செயல்படும் இடங்கள்

சில இடங்களில் நான்கு கட்டங்களையும் இயந்திரமே செய்கிறது. மண்ணின் ஈரத்தைப் பார்த்து நீர் திறப்பது, கட்டடத்தின் குளிரூட்டலைக் கூட்டிக் குறைப்பது போன்றவை. கூகுள் தன் தரவு மையங்களில் குளிரூட்டலுக்குச் செலவாகும் மின்சாரத்தை இயந்திரக் கற்றலால் 40 சதவீதம் வரை குறைத்ததாக 2016-இல் சொன்னது. முதலில் ஏ.ஐ. ஆலோசனை சொன்னது, மனிதர்கள் செய்தார்கள். 2018-இல் அதன் கையிலேயே கட்டுப்பாட்டைக் கொடுத்தார்கள். அப்போதும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது எடுக்கும் முடிவு, பொறியாளர்கள் வகுத்த பாதுகாப்பு எல்லைக்குள் இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே நிறைவேறும். ஊழியர் எப்போது வேண்டுமானாலும் கட்டுப்பாட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இது ஏன் முடிந்தது? இடம் மூடியது, அளவீடு ஏராளம், பிழை நேர்ந்தால் நஷ்டம் சிறியது, திரும்பச் சரிசெய்யலாம். அணையின் மதகைத் திறப்பதிலோ ஒரு ஊரையே காலிசெய்யச் சொல்வதிலோ இந்த நிபந்தனைகள் எதுவும் கிடையாது. அங்கே முடிவை இயந்திரத்திடம் விடுவது தவறு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தரவு மையங்களைப் பற்றிப் பேசும்போது அப்புறம் ஒரு கேள்வி வரும்: சுற்றுச்சூழலைக் காக்க வந்த ஏ.ஐ.யே மின்சாரத்தை விழுங்குகிறதே? சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி, 2024-இல் உலகத் தரவு மையங்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 415 டெராவாட் மணி மின்சாரம் எடுத்தன. உலகப் பயன்பாட்டில் ஏறத்தாழ 1.5 சதவீதம். 2030-க்குள் இது இரண்டு மடங்குக்கு மேல் போகலாம் என்பது அதன் மதிப்பீடு. ஆனால் புகையைத் தேடும் அல்லது ஆற்று நீரைக் கணிக்கும் மாதிரிகள், உரையாடல் ஏ.ஐ.க்களோடு ஒப்பிட்டால் மிகச் சிறியவை. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

## எச்சரிக்கை வந்தது, பிறகு?

அமேசான் காட்டின் கதை இதற்கு நல்ல பாடம். பிரேசிலின் விண்வெளி ஆய்வு நிறுவனமான இன்பே, டெட்டர் என்ற காடழிப்பு எச்சரிக்கை முறையை 2004-இல் தொடங்கியது. இது ஏ.ஐ. அலைக்கு முந்தையது, படங்களைப் பார்த்துக் குறித்தவர்கள் மனிதர்கள். அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு சுற்றுச்சூழல் அமலாக்கத் துறையினர் நேரில் போய் அபராதம் விதித்தார்கள், இயந்திரங்களைப் பறிமுதல் செய்தார்கள். 2004-இல் சுமார் 27,700 சதுர கி.மீ. ஆக இருந்த ஆண்டுக் காடழிப்பு, 2012-இல் சுமார் 4,600 ஆகக் குறைந்தது. இதில் செயற்கைக்கோளுக்கு மட்டும் பங்கு இல்லை. விதி மீறும் பண்ணைகளுக்குக் கடன் கட்டுப்பாடு, புதிய காப்புக்காடுகள் என்று பல கைகள் சேர்ந்தன. வெட்டுபவர்களும் சும்மா இருக்கவில்லை. தொடக்கத்தில் 25 ஹெக்டேருக்குக் குறைவான வெட்டுகள் அந்த முறைக்குச் சரியாகத் தெரியாது என்பதால், சிறு சிறு துண்டுகளாக அழிப்பது கூடியது.

பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. கருவிகள் முன்னைவிடக் கூர்மையாகின. ஆனால் 2019-இல், உயர்ந்துவந்த காடழிப்பு எண்களை அரசே மறுத்தது. இன்பேயின் இயக்குநர் ரிக்கார்டோ கால்வாவ் பதவி நீக்கப்பட்டார். அமலாக்கம் தளர்ந்தது. 2021-இல் காடழிப்பு 13,000 சதுர கி.மீ. ஐத் தாண்டியது. செயற்கைக்கோள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

ஸ்பெயினின் வலென்சியா வேறொரு விதம். 2024 அக்டோபர் 29 அன்று காலையிலேயே அந்நாட்டு வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்துவிட்டது. மக்களின் கைபேசிக்கு அவசரச் செய்தி போனது இரவு எட்டு மணிக்குப் பிறகு. அதற்குள் பல இடங்களில் தெருவில் வெள்ளம் புகுந்திருந்தது. 220-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கணிப்பை இன்னும் ஒரு நாள் முன்னதாகத் தரும் ஏ.ஐ. இருந்திருந்தாலும், மூன்றாவது கட்டத்தில் தொலைந்த அந்தப் பல மணி நேரத்தை அதனால் மீட்டிருக்க முடியாது.

## மீத்தேன்: கட்டங்கள் இணையத் தொடங்கும் இடம்

மீத்தேன் இருபது ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் குறுஅலை அகச்சிவப்பில் குறிப்பிட்ட அலைநீளங்களை உறிஞ்சும். செயற்கைக்கோள் படத்தில் அந்த உறிஞ்சல், கசிவிடத்திலிருந்து காற்றின் திசையில் நீளும் ஒரு வால் போல விழும். மணலின் நிறமாற்றமும் கட்டடக் கூரையும் அதே போலத் தெரிந்து ஏமாற்றும் என்பதால், ஆயிரக்கணக்கான படங்களில் முதல் சலிப்பை ஏ.ஐ. செய்கிறது, ஆய்வாளர் பார்த்து உறுதிசெய்கிறார்.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2022-இல் அறிவித்த மார்ஸ் என்ற அமைப்பு, இப்படிக் கண்டறிந்த கசிவுகளை அந்தந்த அரசுக்கும் நிறுவனத்துக்கும் தெரிவிக்கிறது. 2024 அறிக்கையின்படி, அதுவரை அனுப்பிய அறிவிப்புகள் சுமார் 1,200. உரிய பதில் வந்தது வெறும் 1 சதவீதத்துக்கு. அடுத்த ஆண்டு அது 12 சதவீதமாக உயர்ந்தது. இன்னும் மிகக் குறைவுதான், ஆனாலும் ஓர் ஆண்டில் நிகழ்ந்த மாற்றமாகப் பார்த்தால் சிறியதல்ல. இந்தத் துறையில் நான் கவனிக்கும் எண் இதுதான். மாதிரியின் துல்லியம் அடுத்தபடிதான்.

அல்ஜீரியாவின் ஹாசி மெசாவூத் எண்ணெய் வயலில் ஒரு கசிவு 1999 முதலே இருந்துவந்தது பழைய செயற்கைக்கோள் படங்களைத் தோண்டியபோது தெரிந்தது. மார்ஸ் தெரிவித்தது, அரசும் எண்ணெய் நிறுவனமும் பதில் சொல்லின, 2024-இல் கசிவு அடைக்கப்பட்டது. அடைபட்டதை உறுதிசெய்ததும் செயற்கைக்கோள் படங்கள்தான்.